பழுக்கக் காய்ச்சிய இரும்பை வெறுங்கையால் வளைக்க முடியுமா?

  

நபி தாவூத் (அலை) அவர்களின் வரலாற்றை நாம் எடுத்துரைக்கும்போதெல்லாம் பிள்ளைகள் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பதுண்டு. "தாவூத் நபிக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதாமே! அப்படியானால் நெருப்பில் காய்ந்து சிவந்த இரும்பை அவர்கள் கையால் பிடித்தார்களா? நம்மாலும் அது முடியுமா?" என்பதே அந்தக் கேள்வி. பெரியவர்கள் பலர், "அது நபிமார்களின் விடயம், வாயை மூடு" என்று சொல்லிப் பிள்ளையை அடக்கிவிடுகின்றனர். அடக்கப்பட்ட கேள்வி மறைந்து போவதில்லை. அது வேறோர் இடத்தில் விடை தேடிச் செல்லும். கைத்தொலைபேசியில் ஒருவர் சிவந்த இரும்பைத் தொட்டுக் காட்டும் காட்சியைப் பார்த்துவிட்டு, தானும் செய்து பார்க்கத் துணியும் பிள்ளையும் உண்டு. அதே காட்சி வெறும் தந்திரம் என்று அறிந்தவுடன், நபிமார்களின் முஃஜிஸாக்களும் இப்படித்தானோ என்று ஐயுறும் பிள்ளையும் உண்டு. முதலாமவருக்குக் கை போகிறது. இரண்டாமவருக்கு ஈமான் ஆட்டம் காண்கிறது. ஆகவே இக்கேள்விக்கு நேர்மையான விடையைத் தேடுவது நம்மீது கடமையாகும்.

இரும்பின் இயல்பு

முதலில் இரும்பைப் பற்றி அறிந்துகொள்வோம். தூய இரும்பு 1538 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகும். அதற்கு வெகு முன்னரே அது இளகத் தொடங்கிவிடும். ஏறத்தாழ 525 பாகையில் இருட்டில் மட்டும் தெரியக்கூடிய மங்கிய செந்நிறம் அதில் தோன்றும். 700 முதல் 800 பாகை வரையில் செந்நிறம் தெளிவாகும். 1000 பாகையை அண்மிக்கும்போது செம்மஞ்சளாகவும், 1200 பாகையளவில் மஞ்சளாகவும் அது ஒளிரும். கொல்லர்கள் வெப்பமானியின்றி இந்நிறங்களைக் கொண்டே இரும்பின் பக்குவத்தை அறிந்துகொள்கின்றனர். தூய இரும்பின் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கே 912 பாகையில் மாறிவிடுகின்றது. செம்மஞ்சள் நிறத்தை அடைந்த இரும்பு சம்மட்டிக்கு இணங்குவதற்கு வெப்பமே துணை செய்கின்றது.

இனி நமது தோலைக் கவனியுங்கள். 1947ஆம் ஆண்டு அமெரிக்காவில் மொரிட்ஸ், ஹென்ரிக்கஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் வெப்பத்தால் தோல் பாதிக்கப்படும் விதம் குறித்து வெளியிட்ட ஆய்வு இன்றும் மருத்துவ உலகில் எடுத்துக் காட்டப்படுகின்றது. 44 பாகை வெப்பமுள்ள பொருள் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் தோலில் பட்டிருந்தால் காயம் உண்டாகும். வெப்பம் 60 பாகையாக உயர்ந்தால் சில விநாடிகளே போதும். கொல்லனின் அடைகல்லின் மீது இருக்கும் இரும்போ 1000 பாகையில் இருக்கின்றது. இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே விடையின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

வெப்பத்துடன் இன்னொரு தடையும் உண்டு. செம்மஞ்சளாகக் காய்ந்த இரும்புங்கூட மெழுகுபோல் ஆகிவிடுவதில்லை. அதை அழுத்தி உருமாற்ற ஒரு சதுர சென்றிமீற்றருக்குப் பல நூறு கிலோகிராம் அளவிலான அழுத்தம் தேவை. விரலின் வலிமை அதற்குப் போதாது. மெல்லிய கம்பியாயின் குறைந்த விசையில் வளையும் என்பது உண்மை. ஆயினும் வளைப்பதற்கு அதை இறுகப் பற்ற வேண்டும். பற்றிய கையைச் சில விநாடிகளாவது எடுக்காமல் இருக்க வேண்டும். அந்தச் சில விநாடிகளைத்தான் தோல் தாங்காது.

எனவே, காய்ந்து இளகிய இரும்பை அது இளகியிருக்கும் இடத்திலேயே வெறுங்கையால் பற்றி உருவாக்க மனிதனால் முடியாது என்பதே விடை.

ஆனால், கொல்லன் பட்டறையில் நிற்கும் பிள்ளை, "கொல்லர் வெறுங்கையால்தானே பிடித்திருக்கிறார்?" என்று கேட்கலாம். அவர் கண்டதும் பொய்யன்று. நீண்ட இரும்புக் கம்பியின் ஒரு நுனி உலையில் சிவந்திருக்கும்போது, அதன் மறு நுனி கை தாங்கும் அளவுக்குச் சில நேரம் குளிர்ந்தே இருக்கும். கொல்லர் பிடிப்பது அந்தக் குளிர்ந்த நுனியை. துண்டு குறுகியதாயின் அவரும் குறட்டையே எடுப்பார். அனுபவம் என்பது எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை அறிந்திருப்பதாகும்.

தொட்டுக் காட்டுகின்றார்களே!

"அப்படியானால் சிலர் சிவந்த இரும்பைத் தொட்டும், நாவால் நக்கியும் காட்டுகின்றார்களே, அது எவ்வாறு?" என்ற கேள்வி இயல்பாகவே எழும்.

ஜேர்மனியைச் சேர்ந்த லைடன்ஃபுரொஸ்ட் என்ற மருத்துவர் 1756ஆம் ஆண்டில் இதற்கான விளக்கத்தின் அடிப்படையை எழுதி வைத்தார். சிவக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் ஒரு துளி நீரை அவர் விட்டார். அத்துளி உடனே ஆவியாகிவிடவில்லை. உருண்டு திரண்டு, கரண்டியில் ஒட்டாமல் நெடுநேரம் மிதந்துகொண்டிருந்தது. துளியின் அடிப்பகுதி சட்டென ஆவியாகி, துளிக்கும் இரும்புக்கும் இடையே ஒரு மெல்லிய திரையாக அமைந்துவிடுகின்றது. ஆவி வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். நன்கு காய்ந்த தோசைக் கல்லில் நீர் தெளிக்கும்போது துளிகள் உருண்டோடுவதை நமது தாய்மார்கள் நாள்தோறும் காண்கின்றனர். அதுவும் இதுவே.

ஈரமான விரலோ நாவோ கண்ணிமைக்கும் நேரம் மட்டும் இரும்பில் பட்டு மீளுமாயின், அந்த ஆவித்திரை ஓரளவு காத்துவிடக்கூடும். 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற செப்படி வித்தைக்காரர் ரொபேர் ஹூடின், ஓர் இரும்பு வார்ப்பாலைக்குச் சென்று, உருகி ஓடும் இரும்பினூடே ஈரக் கையை வீசி எடுத்ததாகத் தாமே எழுதியிருக்கின்றார். அவர் அதைத் தமது தெய்வீக ஆற்றல் என்று சொல்லவில்லை. இயற்கையின் ஒரு விதி என்றே சொன்னார்.

தணலில் நடப்பதும் இதற்கு உறவான விடயமே. 1935ஆம் ஆண்டு காஷ்மீரைச் சேர்ந்த குதா பக்ஸ் என்பவர் இங்கிலாந்தின் சரே பகுதியில் ஆய்வாளர்கள் முன்னிலையில் தணல் நிரம்பிய குழியில் நடந்தார். அவருடைய பாதங்கள் புண்படவில்லை. மரக்கரி வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்துவதும், பாதம் தணலில் படும் நேரம் மிகக் குறைவாக இருந்ததுமே அதற்குக் காரணம் என அந்த ஆய்வில் ஈடுபட்டோர் முடிவு செய்தனர். இரும்போ மரத்தை விடப் பல நூறு மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். தணலில் நடந்தவருங்கூட, அதே வெப்பமுள்ள இரும்புத் தகட்டின் மீது நடந்தால் பாதத்தை இழப்பார்.

இளைஞர்களே, இங்கு ஒன்றை ஆழ்ந்து கவனியுங்கள். இந்தத் தந்திரங்கள் யாவும் "படுவதும் விலகுவதும்" என்ற நொடிப்பொழுதுக்குள் அடங்கியவை. உருவாக்குவதற்கோ அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தினால் ஆவித்திரை நசுங்கி விலகிவிடும். தோல் நேரடியாக இரும்பில் ஒட்டிவிடும். ஆகவே, தொட்டுக் காட்டியவர் எவரும் வளைத்துக் காட்டியவர் ஆகமாட்டார். தொட்டுக் காட்டுவதுங்கூட, ஈரம் சற்றுக் குறைந்தாலோ கை சற்றுத் தாமதித்தாலோ வாழ்நாள் முழுதும் மாறாத ஊனத்தில் முடியும். அதைச் செய்து பார்க்க எவருக்கும் எந்தத் தேவையும் இல்லை.

சுடு இரும்பும் நீதியும்

சுடு இரும்பை உண்மைக்குச் சான்றாகக் கொண்ட சமூகங்களும் வரலாற்றில் இருந்திருக்கின்றன. இடைக்கால ஐரோப்பாவில் குற்றம் சாட்டப்பட்டவரின் கையில் காய்ந்த இரும்பைக் கொடுத்து ஒன்பது அடி தூரம் நடக்கச் செய்தனர். கையைக் கட்டி, மூன்று நாட்களின் பின் அவிழ்த்துப் பார்த்து, புண் சீழ்பிடித்திருந்தால் குற்றவாளி என்றனர். 1215ஆம் ஆண்டில் கூடிய கிறிஸ்தவத் திருச்சபையின் நான்காம் லாத்தரன் சங்கம், குருமார் இத்தகைய சோதனைகளில் பங்கேற்பதைத் தடை செய்தது. அரபு நாட்டுப்புறப் பதவிகள் சிலரிடமும் "பிஷ்ஆ" என்ற வழக்கம் இருந்து வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் காய்ந்த இரும்பை நாவால் தொட வேண்டும். நா கொப்புளித்தால் அவர் பொய்யர் எனக் கொள்ளப்பட்டார். அச்சத்தால் நா உலர்ந்த நிரபராதியின் நிலையை எண்ணிப் பாருங்கள்!

இது மார்க்கத்தின் வழியன்று, குலவழக்கமே. வழக்காடுபவர் சான்று கொண்டுவர வேண்டும். மறுப்பவர் சத்தியம் செய்ய வேண்டும் என்பதே நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்த நீதிமுறை. அதில் சுடு இரும்புக்கு இடமே இல்லை.

தாவூத் (அலை) அவர்களுக்கு நிகழ்ந்தது என்ன?

இனி நாம் தொடங்கிய இடத்துக்கு வருவோம். ஸூரா ஸபஉவின் 10, 11ஆம் வசனங்களை நிதானமாக ஓதிப் பாருங்கள். தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததாக அங்கு கூறப்படுகின்றது. நெருப்பைப் பற்றியோ உலையைப் பற்றியோ அவ்விடத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஹஸன் அல்பஸரீ, கதாதா (ரஹ்) போன்ற முன்னோர்களின் விளக்கத்தை இமாம் இப்னு கஸீர் தமது தஃப்ஸீரில் எடுத்துரைக்கின்றார்கள். தாவூத் நபி இரும்பை நெருப்பில் இட வேண்டிய தேவையோ, சம்மட்டியால் அடிக்க வேண்டிய தேவையோ இருக்கவில்லை. நூலைத் திரிப்பதுபோல் கையாலேயே அதைத் திரித்தார்கள் என்பதே அவ்விளக்கம். பிற்கால ஆய்வாளர் சிலர், இரும்பை உருக்கி வார்க்கும் அறிவு அவர்களுக்கு அருளப்பட்டதையே அவ்வசனம் குறிப்பதாகக் கருதுகின்றனர்.

இவ்விரு சாராரில் எவரும் "அவர்கள் சிவந்த இரும்பைக் கையால் பிடித்தார்கள்" என்று கூறவில்லை. அப்படியொரு காட்சியை நாமே கற்பனை செய்துகொண்டு, அதை நிரூபிக்க வித்தைக்காரரைத் தேடுகின்றோம். பின்னர் வித்தைக்காரரின் தந்திரம் வெளியானதும் கலங்குகின்றோம். தவறு வசனத்தில் இல்லை, நமது கற்பனையில்தான் இருக்கின்றது.

முஃஜிஸா என்றால் என்ன? இயற்கையின் விதியை ஏற்படுத்தியவன், தான் நாடிய ஓரிடத்தில், தான் நாடிய ஒருவருக்காக அவ்விதியை மாற்றுவதாகும். நபி இப்றாஹீம் (அலை) அவர்களுக்கு நெருப்பு குளிர்ச்சியாக ஆக்கப்பட்டதை ஸூரா அல்அன்பியாவின் 69ஆம் வசனம் கூறுகின்றது. அதை ஆவித்திரையால் விளக்க முற்படுவது அறியாமை. "அவர்களுக்கு நிகழ்ந்தது, ஆகவே எனக்கும் நிகழும்" என்று நெருப்பில் கை வைப்பதும் அறியாமையே.

அதே அல்குர்ஆன் இரும்பின் வழமையான வழியையும் நமக்குக் காட்டுகின்றது. ஸூரா அல்கஹ்ஃபின் 96ஆம் வசனத்தில் துல்கர்னைன் சுவர் எழுப்பிய வரலாற்றைப் பாருங்கள். இரும்புப் பாளங்களைக் கொண்டுவரச் செய்கின்றார். நெருப்பாகும் வரை ஊதச் சொல்கின்றார். பின்னர் உருகிய செம்பை அதன்மேல் ஊற்றுகின்றார். அங்கே ஊதுதலும் நெருப்பும் பல கைகளின் உழைப்பும் தேவைப்பட்டன. ஒரு நல்லடியாருக்கு இரும்பு கையிலேயே இளகியது. இன்னொரு நல்லடியார் நெருப்பு மூட்டியே அதை இளக்கினார். இரண்டும் அல்லாஹ்வின் அருளே. முதலாவது வழி நபி ஒருவருக்கு மட்டும் உரியது. இரண்டாவது வழி நம் எல்லோருக்கும் திறந்திருக்கின்றது.

அந்த இரண்டாவது வழியில் நமது நாட்டுக்கும் பெருமைமிக்க பங்குண்டு. பலாங்கொடைப் பகுதியின் சமனலவெவ மலைச்சரிவுகளில், பருவக் காற்றையே துருத்தியாகப் பயன்படுத்திய பழங்கால இரும்பு உலைகளைத் தொல்லியலாளர் கில் ஜூலெஃப் கண்டறிந்து, 1996ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் வெளியிட்டார். கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை அவை இயங்கின. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த முஸ்லிம் அறிஞர் அல்கிந்தீ வாள்களைப் பற்றி எழுதிய நூலில் ஸரந்தீபின் பெயரால் அழைக்கப்பட்ட வாள்களையும் குறிப்பிட்டுள்ளார். ஸரந்தீப் என்பது அரபியர் நமது இலங்கைக்கு வழங்கிய பெயர். காற்றையும் நெருப்பையும் அறிந்து உழைத்த நம் மண்ணின் மனிதர்கள் வெறுங்கையால் எதையும் சாதிக்கவில்லை, அறிவாலேயே சாதித்தார்கள்.

சூட்டைத் தாங்கிய ஒரு ஸஹாபி

இரும்பு சுடும் என்பதற்கு ஸஹாபாக்களின் வாழ்விலேயே ஒரு சான்று உண்டு. கப்பாப் இப்னு அல்அரத் (ரலி) அவர்கள் மக்காவில் வாள் செய்யும் கொல்லராகத் தொழில் புரிந்தார்கள். இஸ்லாத்தை ஏற்றதற்காகக் குறைஷியர் அவர்களை நெருப்பாலும் சுடு இரும்பாலும் வதைத்தனர். அந்தத் தழும்புகள் அவர்களுடைய முதுகில் பல ஆண்டுகள் கழிந்தும் காணப்பட்டன என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நபி (ஸல்) அவர்களின் அன்புக்குரிய அந்தத் தோழருக்கு இரும்பு மென்மையாக்கப்படவில்லை, நெருப்பும் குளிர்விக்கப்படவில்லை. சூடு அவர்களைச் சுட்டது, அவர்கள் பொறுத்தார்கள். இறைநேசத்தின் அடையாளம் கை சுடாமலிருப்பது என்றால், கப்பாப் (ரலி) அவர்களை எங்கே வைப்பது? எனவே, "என் கை சுடவில்லை, நான் மகான்" என்று எவர் சொன்னாலும் அவருக்குப் பின்னால் செல்லாதீர்கள்.

பெற்றோர்களின் கவனத்திற்கு

சிவந்த இரும்பைக் கண்டால் எவரும் விலகிக்கொள்வர். சிவப்பு மறைந்த பின்னரே ஆபத்து பெரிதாகின்றது. 400 பாகையில் இருக்கும் இரும்பு பார்வைக்குக் கருமையாக, குளிர்ந்த இரும்பைப் போலவே தோன்றும். பட்டறையில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் கை சுட்டுக்கொள்வது இந்தக் கருமையான இரும்பில்தான். வெல்டிங் செய்து முடித்த துண்டு, சற்று முன் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் சைலன்சர், அடுப்பிலிருந்து இறக்கிய தாச்சிச் சட்டி, மின்னழுத்தி ஆகிய யாவும் இவ்வகையைச் சார்ந்தவை. தொடுவதற்கு முன் புறங்கையை அருகில் கொண்டுசென்று வெப்பத்தை உணர்ந்து பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுங்கள். தொழில் பழகும் பிள்ளைக்கு நல்ல குறடும் தோற்கையுறையும் வாங்கிக் கொடுப்பது வீண்செலவன்று.

கை சுட்டுவிட்டால் உடனே குழாய் நீரின் கீழ் 20 நிமிடங்கள் பிடியுங்கள். மோதிரம், கைக்கடிகாரம் முதலியவற்றை வீக்கம் ஏற்படும் முன் கழற்றிவிடுங்கள். ஐஸ்கட்டி வைக்காதீர்கள். பற்பசை, தேங்காயெண்ணெய், மஞ்சள் என எதையும் பூசாதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடி வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். காயம் பெரிதாயின் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் சேவை கிடைக்கும். தம்மைத் தாமே அழிவில் தள்ளிக்கொள்வதை ஸூரா அல்பகராவின் 195ஆம் வசனம் தடுத்திருக்கின்றது. உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்பதை மறவாதீர்கள்.

இளைஞர்களே, நல்ல நண்பனைக் கஸ்தூரி விற்பவனுக்கும், தீய நண்பனைக் கொல்லனின் துருத்தியை ஊதுபவனுக்கும் நபி (ஸல்) அவர்கள் ஒப்பிட்டுக் காட்டினார்கள். துருத்தியின் அருகே நின்றால் ஆடை கரியும். இல்லையேல் கெட்ட வாடையாவது வந்து சேரும். "துணிவிருந்தால் தொட்டுப் பார்" என்று உங்களைத் தூண்டிவிட்டுத் தான் ஒதுங்கி நின்று படம் பிடிப்பவன் எந்த வகை நண்பன் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

இறுதியாக ஒன்று. இரும்பை மென்மையாக்கிக் கொடுத்த அல்லாஹ் அத்துடன் தாவூத் (அலை) அவர்களை விட்டுவிடவில்லை. கவசங்களைச் செய்யுமாறும், அவற்றின் வளையங்களைச் சரியான அளவில் கோக்குமாறும், நற்செயல் புரியுமாறும் அடுத்த வசனத்திலேயே கட்டளையிட்டான். முஃஜிஸா கையில் இருந்தும் அளவு பார்த்து வேலை செய்ய வேண்டியிருந்தது! மனிதன் உண்ணும் உணவில் மிகச் சிறந்தது தன் கையால் உழைத்து உண்பதே என்றும், தாவூத் நபி அவ்வாறே உண்டார்கள் என்றும் நபி (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்திருக்கின்றார்கள். அவர்களுக்குக் கிடைத்த மென்மையான இரும்பு நமக்குக் கிடைக்காது. அவர்களுடைய உழைப்பும், அளவில் தவறாத நேர்த்தியும், நன்றியுணர்வும் நமக்குக் கிடைக்கும். குறட்டையும் சம்மட்டியையும் எடுத்துத் தொழில் பழகும் ஒவ்வொரு பிள்ளையும் அந்த நபியின் வழியில் நடக்கின்றது.

வல்ல அல்லாஹ் நமது பிள்ளைகளின் கைகளை ஊனத்திலிருந்தும், உள்ளங்களை மயக்கத்திலிருந்தும் காத்து, உழைத்து உண்ணும் நன்மக்களாக ஆக்குவானாக! ஆமீன்.